பம்புக்கு ஒரு பேணித் தண்ணீர்

1

பனியின் அழகைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பும்படி சஞ்சிகைக்காரர் கேட்டிருக்கிறார். அவர் திருகோணமலையில், முதுகில் வியர்வை வழிய இருந்துகொண்டு கேட்கிறார். அவரில் பிழையில்லை. இங்கிருந்து ஊருக்குப் போகும் கலண்டர்களில் பனி வெள்ளை வெளேரென்றுதான் இருக்கிறது. எங்கள் வீதியில் அது விழுந்த மூன்றாம் நாளே கார்ப் புகையும் நாய் மூத்திரமும் கலந்து சாம்பல் நிறத்தில் இறுகிப்போய், சித்திரை மாதம் வரைக்கும் கிடக்கும். அதன் அழகைச் சொல்ல என்னிடம் ஒரு வரிகூட இல்லை. குளிர் இறங்குவதற்கு முன்னர் வருடாவருடம் நான் செய்கிற ஒரு வேலையைப் பற்றி வேண்டுமானால் எழுதலாம். அதுவும் அழகான வேலை அல்ல.

எங்களிடம் ஒரு ட்ரெயிலர் இருக்கிறது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற, சில்லு வைத்த வீடு. கட்டில், குசினி, குளிக்கிற இடம், கக்கூசு எல்லாம் அதற்குள்ளேயே. கனடாவின் இந்தச் சமவெளியில் உள்ள சனம் கோடையில் இரண்டு கிழமை நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, இந்தப் பெட்டிக்குள் ஒருவரோடு ஒருவர் முட்டுப்பட்டுக்கொண்டு கிடப்பதை ஓய்வு என்கிறது. நாங்களும் சேர்ந்து கிடக்கிறோம். மகள் வாசுகிக்காகத்தான் அதை வாங்கினேன். இப்போது அவளுக்கு வயது பதினேழு. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் விக்கி. இந்த வருடம் அவள் ட்ரெயிலருக்குள் காலே வைக்கவில்லை. புஷ்பமும் நானும் ஏரிக்கரையில் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தோம்.

புரட்டாசி முடியும்போது என் வேலை தொடங்கும். தண்ணீர் உறைந்தால் பருக்கும், பருத்தால் குழாயைப் பிளக்கும். ஆகவே உள்ளே ஒரு சொட்டும் மிஞ்சக்கூடாது. சுடுதண்ணீர்த் தாங்கியின் நெருப்பை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, அடிமூடியைக் கழற்றவேண்டும். அவசரப்பட்டால் கை வெந்துபோகும். அடுத்தது குடிதண்ணீர்த் தாங்கி. பிறகு மல்லாந்து படுத்து, வண்டியின் அடியில் உள்ள இரண்டு சின்ன மூடிகளைத் திறந்தால் குழாய்களில் நின்ற மிச்சத் தண்ணீர் நேரே கழுத்துக்குள் இறங்கும். தண்ணீர் திறக்கிற பைப் எல்லாவற்றையும் திறந்து வைக்கவேண்டும். வெளிச்சுவரில் கால் கழுவுவதற்கென்று ஒன்று இருக்கும், அதைப் பலர் மறந்துபோவார்கள். கடைசியாக, உறையாத மருந்துத் தண்ணீர் ஒன்றைப் பம்பால் இழுத்து, ஒவ்வொரு பைப்பிலும் அதன் நிறம் வரும்வரை ஓடவிடவேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற இருமல் பாணியின் ரோசா நிறம். பார்த்தாலே எனக்கு ஓங்காளிக்கும்.

இவ்வளவுக்கும் முதல் கழிவுத் தாங்கி இருக்கிறது. பட்டினத்தின் எல்லையில் அதற்கென்று ஒரு குழி வைத்திருக்கிறார்கள். அங்கே கார்கள் வரிசையில் நிற்கும். நாங்கள் இரண்டு கிழமையாகச் சேர்த்து வைத்ததை நானே ஒரு தடித்த குழாயால் அதற்குள் இறக்க, பின்னால் நிற்கிறவர்கள் கோப்பி குடித்தபடி நல்ல காலநிலை என்று கதை சொல்வார்கள். ஐந்து வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. அன்றைக்கு மூன்று முறை சவர்க்காரம் போட்டாலும் சோற்றில் கை வைக்க மனம் வராது.

ஆனாலும் அந்தக் குழியைப் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கைப் பலகையைத் தூக்கி, அதன் கீழே இரண்டு கையளவில் இருக்கிற பம்பைப் பார்க்கிற நேரத்தைத்தான் என்னால் பொறுக்க ஏலாது. அங்கே பலகை ஊதிக் கறுத்துப்போயிருக்கிறது. அது ஏன் ஊதியது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

2

பழைய ஆட்களுக்கு என்னை ஞாபகம் இருக்கலாம். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போவதற்கு நாலைந்து வருடம் முன்பு துறைமுகத்தின் தண்ணீர்ப் பகுதியில் குழாய், பம்ப் பூட்டுகிற பிற்றராகச் சேர்ந்தவன் நான். கப்பல்களுக்குக் குடிதண்ணீர் ஏற்றும் படகுகள், தாங்கிகள், குழாய்கள், பம்புகள் எல்லாம் எங்கள் பொறுப்பு. அவர்கள் போனார்கள், கப்பல்கள் குறைந்தன, தாங்கிகளும் நாங்களும் அங்கேயே இருந்தோம்.

வேலைத்தளத்துக்குப் பின்னால் ஒரு கிணறும் அதன்மேல் ஒரு கைப்பம்பும் இருந்தன. குடிக்கவும் கைகால் கழுவவும் எல்லாருக்கும் அதுதான். அந்தப் பம்புக்குள் இருப்பது தோல் வாசர். வரண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இரண்டு நாள் சும்மா விட்டால் தோல் காய்ந்து சுருங்கிவிடும். பிறகு கைபிடியை எவ்வளவு ஆட்டினாலும் காற்றுத்தான் வரும். மேல்வாயில் ஒரு பேணி தண்ணீர் ஊற்றித் தோலை நனைத்தால்தான் பம்ப் பிடிக்கும். அதற்காகப் பம்படியில் பால்மா அடைத்து வந்த ஒரு தகரப் பேணி எப்போதும் இருக்கும். தண்ணீர் அடித்து முடித்தவன் கடைசியாக அந்தப் பேணியை நிரப்பி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும், பின்னால் வருகிறவனுக்காக. எங்கும் எழுதி ஒட்டிய சட்டமல்ல. ஆனால் சம்பூரிலிருந்து வருகிற கூலியாளும் சரி, கந்தோரில் இருக்கிற கிளாக்கரும் சரி, அதைச் செய்யாமல் போனதில்லை. வெறும் பேணியைக் கண்டால் அங்கே கேட்கிற ஏச்சை இங்கே எழுத முடியாது.

நான் மேற்பார்வைக்கு உயர்ந்த பிறகு அந்தப் பேணி விஷயத்தில் மிகக் கண்டிப்பாக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் பேணி வெறுமை, பம்ப் காய்ந்து கிடக்கிறது. ஒரு வாளித் தண்ணீருக்கு ஆளனுப்பி, பம்ப் பிடிக்க அரை மணித்தியாலம் போனது. நான் நேரே போர்மனிடம் போய், இதைச் செய்தவனை ஒரு நாள் நிறுத்தவேண்டும் என்று நின்றேன். எல்லாரையும் வரிசையில் விட்டார்கள். கேள்வி கேட்டு முடிவதற்கு முன்னமே கிண்ணியாக் காதர் முன்னுக்கு வந்தான். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், மத்தியானச் சாப்பாட்டை என்னோடு பங்கிடுகிறவன்.

"நான்தான் சேர். கிண்ணியாத் துறையில பாதை வெளிக்கிடுற நேரமாச்சு எண்டு ஓடினனான். பேணிய நிரப்பேல்ல."

பாதை என்றால் ஆற்றைக் கடக்கிற மிதவை. கடைசிப் பாதையை விட்டால் அவனுக்கு அன்றைக்கு வீடில்லை. யாரும் கண்டிருக்கவில்லை, அவன் பேசாமல் நின்றிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. அவனை ஒரு நாள் நிறுத்தினார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மறுநாள் அவன் வந்து வழக்கம்போலச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மீனில் பாதியை என் பக்கம் தள்ளினான். நான் அதைத் தின்றேன்.

3

எழுபத்தேழாம் ஆண்டு ஆவணிக் கலவரத்தில் ஊரில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அங்கே இருந்தீர்கள், நான் இருக்கவில்லை. அதற்கு முந்திய வைகாசியில்தான் நான் இங்கே வந்து சேர்ந்தேன். புஷ்பமும் வாசுகியும் பட்டினத்து வாடகை வீட்டைப் பூட்டிவிட்டுப் பாலையூற்றில் புஷ்பத்தின் தமக்கை வீட்டில் போய் ஒதுங்கினார்கள். அங்கிருந்து வந்த கடிதத்தில் புஷ்பம் தன் பயத்தைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. வாசுகி சப்பாத்தைக் கழற்றாமலே நித்திரை கொள்கிறாள் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

நான் குடிவரவுக் கந்தோருக்கு ஓடினேன். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எங்கள் பெயர்களில் பிடித்துக்கொண்டார். நான் கணபதிப்பிள்ளை சண்முகநாதன். அவள் புஷ்பமலர் சண்முகநாதன். கணவனின் குடும்பப் பெயர் கணபதிப்பிள்ளை என்றால் மனைவியின் குடும்பப் பெயர் ஏன் சண்முகநாதன் என்று கேட்டார். கணபதிப்பிள்ளை என் தகப்பன், சண்முகநாதன் நான்தான் என்றேன். அப்படியானால் உன் மனைவி உன் மகளா என்றார். பகிடிக்குக் கேட்கவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லை. சத்தியக் கடதாசி, விவாகப் பதிவு, மொழிபெயர்ப்பு, அதற்கு முத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தரம் அலைய வைத்து, கடைசியாக ஒன்றைக் கேட்டார்கள். எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி கையெழுத்து வைத்த கடிதம். அது வந்தால் அவர்கள் வரலாம். வராவிட்டால் பாலையூற்றிலேயே சப்பாத்தோடு படுக்கவேண்டியதுதான்.

எனக்கு அப்போது இருந்தது தற்காலிக வேலை. சனம் தங்கள் ட்ரெயிலர்களைக் குளிர்காலத்தில் கொண்டுவந்து விட்டுவைக்கிற ஒரு பெரிய வளவு. அதன் முதலாளி ஒரு விதவை அம்மா. சண்முகநாதனைச் சொல்ல வராமல் என்னைச் சாம் ஆக்கியவர் அவர்தான். பம்பும் குழாயும் தெரியும் என்று நான் சொன்னதை நம்பி எடுத்திருந்தார். ஒரு குளிர்காலம் உன் வேலையைப் பார்க்கிறேன், எல்லாம் சரியாக இருந்தால் வசந்தத்தில் கடிதம் தருகிறேன் என்றார்.

அங்கே எனக்கு மூத்த வேலையாள் வோல்டர். ஐம்பது வயதிருக்கும். தடித்த கை, மெல்லிய குரல். சட்டையின் உள்பொக்கற்றில் ஒரு தட்டைப் போத்தல் காலையிலிருந்தே இருக்கும். ஆனால் வேலையில் அவரைக் குறை சொல்லமுடியாது. என் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிக்காத ஒரே மனிதரும் அவர்தான். ஒரு வேலையைச் சொல்லித் தந்தால், நான் தனியே செய்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார்.

முதலாளியம்மா கைமுட்டி, காசை இலேசில் விடமாட்டார். மருந்துத் தண்ணீர் வாங்கித் தரமாட்டார். எனவே காற்றை அடித்துக் குழாய்களை ஊதி வெறுமையாக்குவோம். பிறகு வோல்டர் ஒவ்வொரு பம்பையும் தனியே ஓடவிடுவார், உள்ளே இருந்த கடைசித் தண்ணீரும் போய்ச் சத்தம் மாறும்வரை. பதினாறு ட்ரெயிலர். ஒவ்வொன்றையும் முடித்ததும் கதவில் தொங்கும் அட்டையில் அடையாளம் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். நான் இரண்டு வண்டி பின்னால் வருவேன். தரை துடைத்து, யன்னல் சாத்தி, எலிப்பொறி வைத்து, பூட்டுவது என் வேலை.

வரண்ட பம்ப் ஓடுகிற கரகரப்பு என் காதுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வேலைத்தளத்தில் அந்தச் சத்தம் கேட்டால் ஆளை அந்த இடத்திலேயே கிழித்துவிடுவேன். குடிகாரன், பம்பைக் கொல்கிறான், இவர்களுக்கு என்ன, உடைந்தால் எறிந்துவிட்டு வேறு வாங்குவார்கள் என்று அருவருத்தேன். இந்த நாட்டின் பம்பில் தோல் கிடையாது, ரப்பர்தான், அது காய்ந்தாலும் கேடில்லை என்பதை நான் கேட்டறியவில்லை. பம்புகளைப் பற்றி என்னிடம்தான் மற்றவர்கள் கேட்கவேண்டும் என்ற எண்ணம்.

பம்புக்கு முன்னால் தூசி பிடிக்கிற சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. அதைத் திருகிக் கழற்றி, ஒரு பேணி தண்ணீர் விட்டு, திரும்பப் பூட்டி, சுவிச்சை ஒரு நொடி தட்டினேன். சத்தம் இளகியது. அவித்த போஞ்சி அடைத்து வந்த வெறும் பேணி அது, எங்கள் பம்படிப் பேணியின் அதே அளவு. பதினாறு வண்டிக்கும் அப்படியே செய்தேன். வசந்தத்தில் யார் வந்து சுவிச்சைத் தட்டினாலும் பம்ப் உடனே பிடிக்கும் என்று எனக்குச் சந்தோசம். தண்ணீர் உறையும் என்பது தெரியாமலில்லை. பெரிய தாங்கி வெடிக்கும், குழாய் வெடிக்கும், இந்த ஒரு மிடறு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். மீன்வாடியில் மரத்தூளுக்குள் வருகிற ஐஸ்கட்டியைத் தவிர அதுவரை நான் எந்த ஐஸையும் கண்டதில்லை.

4

வசந்தத்தில் முதல் வந்த குடும்பம் தண்ணீர் நிரப்பி சுவிச்சைத் தட்டியதும் இருக்கைக்குக் கீழிருந்து தண்ணீர் சீறியது. நான்தான் போய்ப் பலகையைத் தூக்கினேன். பம்பின் தலை குறுக்கே பிளந்திருந்தது. பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டாவது வண்டியும் அப்படி, மூன்றாவதும் அப்படி. அன்று பின்னேரத்துக்குள் பதினாறும் அப்படித்தான் என்று தெரிந்தது. தண்ணீர் நிரப்பிப் பார்த்தவற்றில் எல்லாம் தரை ஊதிப்போனது.

முதலாளியம்மா எங்கள் இருவரையும் கந்தோருக்குக் கூப்பிட்டார். அவருடைய மேசையில், தொலைபேசிக்குப் பக்கத்தில், என் கடிதம் தட்டெழுத்தில் இருந்தது. கையெழுத்து இன்னும் வைக்கவில்லை. இரண்டு நாளைக்கு முன்னர்தான் எழுதச் சொல்லியிருந்தார். நான் அதைத் தலைகீழாக வாசித்துக்கொண்டு நின்றேன்.

பதினாறு அட்டைகளையும் அவர் வோல்டருக்கு முன்னால் எறிந்தார். பம்ப் என்ற வரியில் எல்லாவற்றிலும் அடையாளம் இருந்தது, வோல்டரின் கையெழுத்து இருந்தது. பம்புகளை ஓடவிட்டாயா என்று கேட்டார். வோல்டர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நெடுநேரம் யோசித்தார். அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே தருகிறேன்:

"விட்டனான் எண்டுதான் நினைக்கிறன். ஆனா அந்தக் கிழமை நல்லாக் குடிச்சிருந்தனான். மறந்திருப்பன் போல."

முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். வோல்டர் பம்ப் ஓடவிட்டதை நீ கண்டாயா சாம் என்று கேட்டார்.

நான் கண்டேன். கண்டேன், கேட்டேன், ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஏசினேன். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொன்னேன். ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து ஒரு வசனம் அவ்வளவு சுத்தமாக என் வாயில் வந்ததில்லை.

வோல்டர் அன்றைக்கே போய்விட்டார். போகும்போது என் தோளில் தட்டி, நீ நல்ல வேலைக்காரன் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் கடிதம் என் கைக்கு வந்தது. அந்த வருடம் ஐப்பசியில் புஷ்பமும் வாசுகியும் வந்திறங்கினார்கள். வாசுகியின் காலில் அதே சப்பாத்து. அளவு காணாமல் விரல் மடிந்திருந்தது.

பிறகு முதலாளியம்மா வளவை விற்றுவிட்டுச் சூடான ஊருக்குப் போனபோது, சொந்தக்காரர் வேண்டாமென்று விட்டுப்போன, தரை ஊதிய ட்ரெயிலர் ஒன்றை எனக்குக் குறைந்த விலைக்குத் தந்தார். நான் கெடுத்ததை நானே மலிவாக வாங்கினேன். இதை எழுதும்போது எனக்கு என்னிலேயே காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

5

வோல்டர் வடக்கே ஏதோ மரம் வெட்டும் முகாமுக்குப் போனதாக ஆட்கள் சொன்னார்கள். நல்லது, இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று ஆறுதல்பட்டேன்.

போன சனிக்கிழமை நான் மருந்துத் தண்ணீர்க் கலனும் கையுமாக ட்ரெயிலருக்குள் குந்திக்கொண்டிருந்தேன். வாசுகி வந்து கதவில் சாய்ந்தாள். சனி ஞாயிறுகளில் அவள் ஒரு டோனட் கடையில் வேலை செய்கிறாள். அவள் தானாக வந்து என்னோடு கதைத்து மாதக்கணக்கு. நாங்கள் தமிழில் கேட்க, அவள் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் முடித்துவிட்டு அறைக் கதவைச் சாத்துவதுதான் வழக்கம். அன்றைக்கு அவளுக்கே கதைக்க ஏதோ இருந்தது. கடைக்கு ஒரு வயதான ஆள் வருகிறாராம். யன்னலோரக் கதிரையில் காலையிலிருந்து ஒரு கோப்பியோடு இருப்பாராம். அவளுடைய சட்டையில் விக்கி சண்முகநாதன் என்று குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, உன் தகப்பன் சாமா என்று கேட்டாராம். நான் நல்ல வேலைக்காரன் என்று புகழ்ந்தாராம்.

அவருடைய கதையையும் சொல்லியிருக்கிறார். ஒரு குளிர்காலம் குடிவெறியில் பதினாறு பம்பை மறந்தாராம். அதோடு குடியை விட்டாராம். ஆனால் அவருடைய மகள் இன்னும் பேரப்பிள்ளைகளை அவரோடு தனியே விடுவதில்லையாம். ஒரு பம்பைக்கூட நம்பித் தரமுடியாத ஆளிடம் பிள்ளைகளைத் தரமுடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னாளாம். பாவம் அந்த மனிசன் என்றாள் வாசுகி. அதைத் தமிழில் சொன்னாள். பிறகு சொன்னாள்:

"உங்களுக்கு ஒண்டு சொல்லச் சொன்னவர் அப்பா. குளிர் வருதாம், பம்பை மறக்க வேண்டாமாம்."

நான் சரி என்றேன். அவள் போனதும் ஊதிய பலகைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். மருந்துத் தண்ணீர் பைப்பால் ஓடி, அதன் கீழே வைத்த கிண்ணம் நிரம்பி வழிந்தது. அதை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் என்ன நினைவு வந்தது தெரியுமா? அதனால்தானே மனிதர் குடியை விட்டிருக்கிறார், ஒரு விதத்தில் நல்லதுதானே என்று வந்தது. இப்போது போய் உண்மையைச் சொன்னால் திரும்பக் குடிக்கத் தொடங்கிவிடுவாரே, அவருக்காகவாவது பேசாமல் இருக்கவேண்டும் என்று வந்தது. என் வாழ்நாளில் நான் கண்ட கழிவுத் தாங்கிகளில் இதைவிட நாற்றம் பிடித்தது ஒன்றுமில்லை.

6

இவ்வளவையும் எழுதி முடித்து, புஷ்பத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் அதுவரை தெரியாது. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டாள். பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். முடிந்ததும் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, கடவுச்சீட்டுகளோடு வைத்திருந்த முதலாளியம்மாவின் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். இதிலேதானா நாங்கள் வந்தோம் என்று கேட்டாள். ஓம் என்றேன். கடிதத்தைத் திரும்ப மடித்து வைத்தாள். எனக்காகத்தானே செய்தீர்கள் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகத்தான் வாசித்தும் காட்டினேன்.

"இதை ஊருக்கு அனுப்பி என்ன செய்யிறது?" என்றாள். "பேப்பர் வாசிக்கிற சனத்துக்கோ நீங்கள் பொய் சொன்னனீங்கள்? போய் அந்த மனிசனிட்டச் சொல்லுங்கோ."

அவள் சொன்னது உண்மை. வோல்டருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் படித்த கொஞ்சத்தையும் என் மகள் மறந்துவிட்டாள். இந்த நாட்டில் யாருக்கும் விளங்காத எழுத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மனம் லேசாகிப் படுக்கப் போகலாம் என்று நான் இருந்திருக்கிறேன். காதர் போர்மனுக்கு முன்னால் போய் நின்றான். நான் சஞ்சிகைக்கு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டோனட் கடைக்குப் போனேன். வாசுகி கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். என்னைக் கண்டதும் அவளுக்குக் கூச்சம், தெரியாத ஆளைப்போல மற்றப் பக்கம் திரும்பினாள். வோல்டர் யன்னலோரத்தில் இருந்தார். மெலிந்துவிட்டார். சாம் என்று கையை உயர்த்தினார். கதிரையை இழுத்துவிட்டார்.

வழி முழுக்க ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். ஒன்றும் வரவில்லை. நீங்கள் பம்புகளை ஓடவிட்டீர்கள், நான் பின்னால் வந்து எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றினேன் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. எதற்கு ஊற்றினாய் என்று கேட்டார். எங்கள் ஊரில் பம்ப் காயக்கூடாது, பின்னால் வருகிறவனுக்கு ஒரு பேணித் தண்ணீர் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு முட்டாள்தனமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. முதலாளியம்மா கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னதையும் சொன்னேன். மேசையில் கடிதம் கிடந்ததையும் சொன்னேன். அதைச் சாட்டாகச் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தும் சொல்லிவிட்டேன்.

வோல்டர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் மறக்கேல்லை," என்றார்.

இல்லை என்றேன். ஒவ்வொன்றையும் ஓடவிட்டீர்கள், சத்தம் மாறும்வரை விட்டீர்கள், என் காதால் கேட்டேன் என்றேன்.

"பதினாறையும்?"

பதினாறையும் என்றேன். நான் மறக்கேல்லை என்று அவர் இன்னொரு தரம் சொன்னார், என்னிடம் அல்ல. பிறகு எழுந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவர் என்னைத் தாண்டிக் கல்லாவுக்குப் போய், என் மகளிடம் ஒரு தாளைக் கொடுத்துச் சில்லறை வாங்கினார். சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியில் காசைப் போட்டு, பார்க்காமலே ஒரு இலக்கத்தைச் சுழற்றினார். மணி அடிக்கிற சத்தம் எனக்கு மேசையிலிருந்தே கேட்டது. அவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நான் போனதும் ரிசீவரை என் முன்னால் நீட்டினார்.

"என்ர மகள். நீ சொல்லு."

வாசுகி கையில் தட்டோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ரிசீவரை வாங்கினேன். மறுபக்கத்தில் ஒரு பெண் குரல், பின்னால் பிள்ளைகள் சண்டை பிடிக்கிற சத்தம். யார் பேசுவது என்று அவள் கேட்டாள்.

நான் சாம் என்று சொல்லவில்லை. கணபதிப்பிள்ளை சண்முகநாதன் என்றேன்.